பல்லியை வாயடைக்க வைத்த ரசம்

ஒரு சமையலறைச் சுவரில் ஒரு பல்லி இருந்தது. அது ‘உச்’ கொட்டிச் சொன்னால் சொன்னதுதான். ஊரில் பாதிக் கல்யாணம் தன் வாயால்தான் நடந்தது என்று அதுவே சொல்லிக்கொள்ளும்.

அந்த வீட்டு ஏகாம்பரம் காய்ச்சலில் படுத்திருந்தார். கஞ்சியோ ரொட்டியோ, எதைக் கொடுத்தாலும் கசக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்ன செய்வதென்று தெரியாமல் அவர் மனைவி மரகதம் தக்காளிக் கூடையைக் கிளறினாள். கல்லு மாதிரி இருந்த தக்காளிகளுக்கு அடியில், தோல் சுருங்கித் தொளதொளத்த ஒன்று நடுங்கியது.

“பல்லியண்ணே, என்னை என்ன செய்வாங்க?”

“உன்னையா? தொட்டா விரல் உள்ளே போகுது. குப்பைத்தொட்டிதான். உச்!”

மரகதம் அதைத்தான் எடுத்தாள். “ரசத்துக்கு இப்படிக் கனிஞ்சாத்தான் ருசி” என்று புளித்தண்ணீரில் போட்டுக் கையாலேயே பிசைந்தாள். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு அடுப்பில் வைத்தாள். நுரை கட்டியதும் கிளம்பிய வாசத்தில், தெருவில் போன பஸ், நிறுத்தமே இல்லாத இடத்தில் நின்றுவிட்டது!

ஏகாம்பரம் ஒரு டம்ளர் குடித்தார். நெற்றி வியர்த்தது. மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

“மரகதம், இதையே சோத்துல ஊத்திக் குழையப் பிசைஞ்சு கொண்டா. நாக்கு திரும்பி வந்துடுச்சு!”

சுவரில் பல்லி அசையவில்லை. வால் கழன்று விழுந்ததுகூட அதற்குத் தெரியவில்லை.

கூடையில் இருந்த கல்லுத் தக்காளிகள் ஏக்கத்தோடு கேட்டன: “அண்ணே, நாங்க எப்ப அப்படி ஆவோம்?”

பல்லி வாயே திறக்கவில்லை. வாசத்தை மட்டும் இழுத்துக்கொண்டது.