ஒன்றரைக்கண்

டாங்கோ என்பது காலால் ஆடும் நடனம் என்று படித்தவர்கள்கூட நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பிழையை இனியும் வளரவிடக் கூடாது. டாங்கோ கண்ணால் ஆடப்படுவது. காலுக்கு வேலை அதற்குப் பிறகுதான் வரும். பலருக்கு அதுவும் வருவதில்லை.

மிலோங்கா எனப்படும் ஆட்டக் கூடுகையில் எந்த ஆணும் ஒரு பெண்ணின் பக்கத்தில் வந்து நின்று "ஆடலாமா?" என்று கேட்கக் கூடாது. இருந்த இடத்திலிருந்தே பார்க்க வேண்டும். அவளும் பார்த்தால் லேசாகத் தலையசைக்க வேண்டும். இஷ்டமில்லாதவள் கூரையைப் பார்ப்பாள். யாரும் யாரையும் மறுத்ததாகப் பேச்சே வராது.

பெரிய டாங்கோ விழாவின் கடைசி மதியம். கூடத்தில் அறுநூறு பேர். வேதியியல் பேராசிரியை நாலு சுற்றாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றுக்கு நாலு பாட்டு.

"மேல என்ன அண்ணி தெரியுது?" என்றாள் பக்கத்து நாற்காலியில் இருந்த நாத்தனார். தையல் கடை வைத்திருப்பவள். ஆட்டம் பழகி ஆறே மாதம்.

"கண்டவங்க கண்ணுல படாம இருக்க இதுதான் வழி. பன்னிரண்டு வருஷமா ஆடுறவ நான். அரைகுறைங்களோட ஆடுறதைப் பார்த்தா நல்லவங்க கூப்பிட மாட்டாங்க."

நல்லவர்களும் கூப்பிடவில்லை. 'பெரிய ஆட்டக்காரர்களோடு ஆடிவிட்டுத்தான் திரும்புவேன்' என்று பயிற்சி வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாயிற்று. வரும்போது ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நாத்தனாருக்கு ஆறு மணி நேரம் பாடமும் எடுத்தாயிற்று. இரண்டு நாள் போய்விட்டது. இன்று ஐந்து மணிக்குக் கடைசிச் சுற்று. ஏழு மணிக்கு ரயில்.

எதிர்த் தூணருகே நரைமீசைக்காரர் ஒருவர் நின்றிருந்தார். ஆட்டத்தில் மன்னர். பார்வைதான் கோணல். சிவப்பு உடை போட்ட அழகியைப் பார்த்துத் தலையசைப்பார். அவள் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருப்பாள். பக்கத்தில் இருக்கிற பருமனான அம்மாள் எழுந்துவிடுவாள். அவரும் முகம் கோணாமல் நாலு பாட்டையும் அந்த அம்மாளோடு ஆடி, திரும்பக் கொண்டுவந்து உட்கார வைப்பார். மூன்று நாளாக இதே கதை. கூடமே அவருக்கு ஒன்றரைக்கண் என்று பெயர் வைத்திருந்தது.

"கண்ணாடி போட வெட்கம். வேறென்ன?" என்றாள் பேராசிரியை.

சொல்லி வாய் மூடவில்லை, ஒன்றரைக்கண் அவளையே பார்த்தார். சிரிப்புக்கு இடமானவரோடு ஆடி நாமும் சிரிப்புக்கு இடமாவதா? கூரைக்குப் போனாள். கீழே இறங்கியபோது பக்கத்து நாற்காலி காலி. நாத்தனார் அவரோடு ஆடிக்கொண்டிருந்தாள்.

நாலு பாட்டு முடிந்து முகமெல்லாம் வெளிச்சமாக வந்தாள்.

"உங்களைத்தான் பார்த்தாரு அண்ணி. நீங்க மேல பார்த்துட்டு இருந்தீங்களா, நான் தட்டிக்கிட்டுப் போயிட்டேன். கோச்சுக்காதீங்க."

"வெச்சுக்கோ."

"ஒண்ணு மட்டும் சொல்றேன். அவருக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. வாசல்ல ஒட்டியிருக்கிற பொடி எழுத்தை நடுக்கூடத்துலேர்ந்தே படிச்சாரு."

பேராசிரியையின் மூளை சட்டென்று ஆய்வுக்கூடத்தில் நுழைந்தது. அடுத்த மூன்று சுற்றும் நிகழ்ச்சித் தாளின் பின்புறத்தில் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள். அதற்குள் நாத்தனாரை வேறு இருவர் கூப்பிட்டு ஆடிவிட்டார்கள். ஒருத்தி ஆடுவதைக் கண்ணால் பார்த்தால்தானே அடுத்தவனுக்குத் தைரியம் வரும்.

"கண்டுபிடிச்சிட்டேன்" என்றாள் பேராசிரியை. "யாரும் கூப்பிடாம மூணு சுற்றுக்கு மேல உட்கார்ந்திருக்கிறவளைத்தான் அந்த ஆளு எழுப்புறாரு. நேரா பார்த்தா பரிதாபம்னு தெரிஞ்சுடும் இல்லையா? அதனால, பக்கத்துல இருக்கிறவ கவனிக்காத நேரமாப் பார்த்து அவளைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாரு. இவ என்னவோ ஜெயிச்ச மாதிரி எழுந்து போறா. ஒரு தடவைகூட இது தப்பலை."

"அப்போ என்னையும் அப்படித்தானா?"

"பின்னே? நாலு சுற்று சும்மா உட்கார்ந்திருந்தியே."

"நீங்களும்தானே அண்ணி உட்கார்ந்திருந்தீங்க?"

"நான் உட்கார்ந்திருந்தது வேற. நான் ஆள் பார்த்து உட்கார்ந்திருந்தேன்."

நாத்தனார் மடியிலிருந்த ஷூ பையின் சுருக்குக் கயிற்றை இழுத்து இழுத்து விட்டாள். கடையில் மிஞ்சிய ஊதா வெல்வெட்டில் அவளே தைத்த பை.

"நான் தட்டிக்கிட்டுப் போனதா இல்ல நினைச்சேன்" என்றாள்.

கடைசிச் சுற்று என்று அறிவித்தார்கள். தாடிக்காரர் ஒருவர் எதிரிலிருந்து நேராகவே பார்க்க, நாத்தனார் பையை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள்.

பேராசிரியை தாளை மடித்தாள். எட்டுச் சுற்று. நிமிர்ந்தபோது தூணருகே ஒன்றரைக்கண் தன் பக்கம் பார்ப்பது தெரிந்தது. அந்தப் பார்வை மெல்ல வந்தது. அவள் முகத்தைத் தொடாமல் கடந்தது. பக்கத்து நாற்காலியில் போய் நின்றது.

யாரென்று திரும்பிப் பார்த்தாள். ஊதா வெல்வெட் பை.

அந்தப் பைக்கு அவர் மிகுந்த மரியாதையோடு தலையசைத்தார்.

கூரை அங்கேயேதான் இருந்தது. பேராசிரியை எழுந்தாள்.

ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் நாத்தனார் கேட்டாள். "உங்களையும் கூப்பிட்டாரா அண்ணி?"

"என்னை எங்கே கூப்பிட்டாரு? உன் நாற்காலியைப் பார்த்துத்தான் தலையசைச்சாரு. நீ அங்க இல்லை. நான் தட்டிக்கிட்டுப் போயிட்டேன்."

"நிஜமாவா?"

"சத்தியமா."

ஏழு மணி ரயிலில் நாத்தனார் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள்.