பக்கத்துச் சுவர்

தகரச் சுவரும் தகரக் கூரையுமாக அந்த வரிசையில் ஏழு அறைகள். வெயில் ஆளைக் கொல்லத் தொடங்கியதும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். உச்சி வேளையில் பக்கத்துச் சுவரை மூன்று முறை தட்ட வேண்டும். பதில் தட்டு வராவிட்டால் உடனே போய்ப் பார்க்க வேண்டும்.

ஆறாவது அறைத் தையற்காரி ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது அறைக்காரி தட்டினாள். இவளும் பதிலுக்குத் தட்டினாள்.

"என்னக்கா, இன்னும் வேகலையா?"

"பாதி வெந்துட்டேன்டி. சாயங்காலம் வந்து இறக்கி வை!"

ஏழாவது அறைச் சுவரை இப்போது யாரும் தட்டுவதில்லை. போன வாரம், அவசரத் தையலில், ஒரே ஒரு நாள் அவள் தட்ட மறந்துவிட்டாள். மறுநாள் அந்த அறை இஸ்திரிக்காரரைப் பிணமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். அறை பூட்டிக் கிடக்கிறது.

ஊசியில் நூல் கோக்கும்போது அந்தச் சுவரில் மூன்று தட்டு கேட்டது.

தகரம் சூட்டில் விரிகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மறுபடியும் மூன்று, நிதானமாக. சுவர் வரை போன கையை இழுத்துக்கொண்டாள்.

தட்டுவது நின்றது. பிறகு ஏழாவது அறையின் கதவு திறந்தது. தேய்ந்த செருப்பின் சத்தம் அவள் வாசலுக்கு வந்து நின்றது.

"தங்கச்சி, உள்ள இருக்கியாம்மா?"