சுருதி கூட்டும் வேளை

வெள்ளவத்தையில் வசித்த கஜேந்திரன், இளவயதில் தபாலில் வரவழைத்த பாகங்களைத் தாமே ஈயம் பற்றவைத்துப் பொருத்தி, சிந்தசைசர் என்னும் மின்னிசைப் பெட்டியொன்றைச் செய்திருந்தார். சூடேறினால் சுருதி விலகிவிடும் வாத்தியம் அது. ஆகவே மாலைதோறும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சுருதி கூட்டுவார். அவ்வேளையில் வீட்டில் எவரும் வாய் திறக்கலாகாது. நன்றாகப் பாடக்கூடிய அவருடைய மனைவி ஜெயராணி, நாளடைவில் பாடுவதையே விட்டுவிட்டார்.

கணவர் காலமான பின், பெட்டியை வாங்க மருதானையிலிருந்து பழைய மின்சாதன வியாபாரி ரிஷாத் வந்தார். மூடியைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார்.

"ஆன்ட்டி, இதுக்குக் கரண்ட் போற பகுதியே பூட்டல்லயே. இது ஒரு நாளும் சத்தம் போட்டிருக்காது."

"நான் நெடுகக் கேட்டனான், தம்பி. கதவுக்கு வெளியில நிண்டு கேட்டனான்."

"அப்ப அங்கிள் வாயால ஊதியிருப்பார்."

ஜெயராணி சிரிக்கவில்லை. "இந்த வெறும் பெட்டிக்கோ நான் இவ்வளவு காலமும் வாயை மூடிக்கொண்டிருந்தனான்?" என்று மட்டும் கேட்டார்.

ரிஷாத் பெட்டியை முச்சக்கரவண்டியில் ஏற்றிச் சென்றார். மாலையானதும் ஜெயராணி அந்த அறையின் கதவை அகலத் திறந்து, பெட்டி இருந்த வெறும் மேசையின் முன் அமர்ந்து, பாடத் தொடங்கினார். முதல் வரி முடிவதற்குள், மேசையிலிருந்து, மாலைதோறும் கதவுக்கு வெளியே கேட்ட அந்தப் பழைய ஒற்றைச் சுரம் எழுந்தது. சற்றே விலகியிருந்த அது, மெல்ல மெல்லச் சரியாகிக்கொண்டு வந்தது.

ஜெயராணி எழுந்து வெளியே வந்தார். கதவைச் சாத்திவிட்டு, வாய் திறவாமல் நின்றார்.