உங்க வண்டியா இருந்தா

டாக்டரம்மா நீட்டிய தாளில் நான்கு கட்டங்கள். வேண்டியதை டிக் செய்ய வேண்டும்.

கருப்பையின் உள்பக்கத்தை லேசாகக் கீறிவிடுவது. கரு ஒட்டிக்கொள்ள ஒரு பசை. ஊசி வழியே ஏற்றும் கொழுப்புத் திரவம். ஸ்டீராய்டு மாத்திரை.

"பலன் தரும்னு இதுவரைக்கும் நிரூபணம் இல்ல. கேக்கறவங்களுக்குச் செய்றோம்," என்றார் ஒளிவுமறைவில்லாமல்.

மூன்று முறை கரு வைத்தும் தங்கவில்லை. உறைய வைத்த கருக்களில் மிச்சம் ஒன்றே ஒன்று. அதுவும் கைநழுவினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க மனைவியின் உடம்பில் தெம்பில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெக்கானிக்குக்கு அது தெரியும்.

அவள் தாளைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த போட்டோ சட்டத்தின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாக அவர்களுக்கு அந்த முதுகுதான் தெரியும். வருகிறவர்கள் மனம் நோகக்கூடாதென்று தன் பிள்ளைகளைத் தன் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார், நல்ல மனசு என்று இருவரும் பேசிக்கொள்வார்கள்.

மெக்கானிக்கின் பட்டறை அலமாரியிலும் நாலைந்து பாட்டில்கள் தூசி படிந்து கிடக்கின்றன. ஆயிலோடு கலந்தால் இன்ஜின் புதுசாகிவிடும் என்று லேபிள் சத்தியம் செய்யும். ஊற்றலாமா வேண்டாமா என்று குழம்புகிறவர்கள் கடைசியில் அவனிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு மட்டும் அவன் வாயில் பொய் வராது.

தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"டாக்டர், உங்க வண்டியா இருந்தா என்ன செய்வீங்க?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். மேசைக்கடியில் மனைவி அவன் காலை நன்றாகவே மிதித்தாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"நாலையும் செஞ்சுக்கிட்டேன்," என்றார்.

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டாக்டரே செய்துகொண்டாரென்றால் அப்புறம் என்ன யோசனை? பேனாவை எடுத்து முதல் கட்டத்தில் அழுத்தி ஒரு டிக் போட்டான். இரண்டாவதிலும் போட்டான்.

டாக்டரம்மா கையை நீட்டி, போட்டோவை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

டாக்டரம்மாவும் தலை நரைத்த அவர் கணவரும். நடுவில் ஒரு நாய்.

மனைவி அவன் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். இரண்டு டிக்கின் மேலும் கோடு இழுத்தாள். கீழே கையெழுத்து மட்டும் போட்டாள்.

"கரு வைக்க என்னைக்கு வரணும் டாக்டர்?"