மெஷினுக்குள் இருந்த தோல் துண்டு

வேதாசலம் அன்று சொன்ன காரணத்தை நான் எட்டு வருஷமாக நம்பவில்லை. ஆனால் யாரிடமும் அதைச் சொன்னதும் இல்லை.

2001, மார்ச் மாதக் கடைசி வாரம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஆபீஸ். நான் ஸ்கேனர் விற்க வந்திருந்தேன். முதலில் டைப்ரைட்டர் விற்றேன், பிறகு ஃபேக்ஸ் மெஷின். நாற்பத்தைந்து வயதில் ஸ்கேனர்.

வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் எத்தனை தோல் கம்பெனி இருக்கிறது, ஐந்து வருஷத்தில் எத்தனை ஸ்கேனர் விற்கும் என்று சென்னை ஆபீசில் ஒரு ரிப்போர்ட் போட்டிருந்தார்கள். அதில் கோடு மேலே மேலே ஏறிக்கொண்டே போனது. நான்தான் ஏழு மாதமாக ஒன்றுகூட விற்கவில்லை. டெமோ காட்டிய இரண்டு இடத்திலும் மெஷின் பாதியில் தாளைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது.

அன்று காலை அங்கே போய்ச் சேர்ந்ததும் எனக்குச் சென்னையிலிருந்து போன். வேதாசலத்தின் மேஜையில்தான் போன் இருந்தது. அவர் அந்த ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாக ஃபைல் பார்ப்பவர். என் மேலதிகாரி பிரேம்நாத் எப்போதும் கத்தித்தான் பேசுவார்.

“மோசஸ், இன்னைக்கு ஆர்டர் இல்லன்னா நாளைலேர்ந்து நீங்க வர வேணாம். வேலூர் ஏரியாவையே மூடிடறோம்.”

போனை வைத்தேன். அந்தக் கத்தல் வேதாசலத்துக்கும் கேட்டிருக்கும். தனக்கு வந்த டீயை என் பக்கம் தள்ளி வைத்தார்.

அந்தக் கம்பெனியில் ஒவ்வொரு ஆர்டர் தாளின் மூலையிலும் அந்த ஆர்டருக்கான தோலில் ஒரு சின்னத் துண்டைப் பின் குத்தி வைத்திருப்பார்கள், நிறம் பார்க்க. தாளை மெஷினில் விடுவதற்கு முன் அதைக் கழற்ற வேண்டும். வேதாசலம் ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் மேஜை மேல் இருந்த தட்டில் போட்டார். பிறகு தாளையும் துண்டையும் என் எதிரிலேயே இரண்டு தடவை எண்ணினார்.

“இருபது தாள், இருபது துண்டு. சரியா இருக்குது சார்.”

மேனேஜர் ரஃபி அகமது வந்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மூன்று பேர் ஒரு வாரம் செய்கிற ஃபைல் வேலையை இந்த மெஷின் ஒரே நாளில் முடிக்கும் என்றேன். பின்னால் இருந்து யாரோ, வேதாசலத்துக்கு இனிமேல் வீட்டில் பேரனைத் தூக்கி வைத்துக்கொள்ளும் வேலைதான் என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

பத்துத் தாள் நன்றாகப் போனது. பதினொன்றாவது தாள் பாதி உள்ளே போய் நின்றது. மெஷின் உறுமியது. தாள் கசங்கிக் கிழிந்தது. ரஃபி அகமது கிழிந்த தாளைப் பார்த்தார். ஜெர்மன் ஆர்டர்.

“இன்னா மோசஸ் இது? ரெண்டு லட்சம் குடுத்து இந்தப் பேஜாரை வாங்கச் சொல்றீங்களா?”

என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. எல்லாரும் மெஷினைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வேதாசலத்தின் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து, மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டேன். கை வெளியே வந்தபோது விரல்களுக்கு நடுவில் நகம் அளவு பிரவுன் தோல் துண்டு இருந்தது.

ரஃபி அகமது அதை வாங்கி வேதாசலத்தின் முன்னால் போட்டார்.

“இதை ஏன் கழட்டல? மெஷின் வந்தா உன் வேலை போய்டும்னு வேணும்னே விட்டியா?”

வேதாசலம் துண்டைக் கையில் எடுத்தார். தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“வேணும்னு இல்ல சார். கண்ணு சரியா தெரியறதில்ல, விட்டுட்டேன். மெஷின் மேல தப்பு இல்ல.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓட்டிப் பார்த்தோம். சூடு ஆறிய மெஷின் மிச்சத் தாள்களை முழுங்கிவிட்டது. இரண்டு மெஷினுக்கு ஆர்டர் கிடைத்தது. கண் தெரியாதவனுக்கு ஆபீசில் என்ன வேலை என்று வேதாசலத்தை மறுநாளே, பச்சைத் தோலை உப்புப் போட்டு அடுக்கும் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்த ஆர்டரைக் காட்டியே அடுத்தடுத்துப் பதினாலு கம்பெனியில் விற்றேன். ரிப்போர்ட்டில் போட்ட கோடு பொய்யாகவில்லை. நான் ஏரியா மேனேஜர் ஆனேன். ஆம்பூர் பக்கம் போகிற வேலையை மட்டும் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன்.

போன மாதம் பேரணாம்பட்டு பஸ்ஸில் ஏறினேன். காலியாக இருந்த ஒரே சீட் வேதாசலத்தின் பக்கத்தில். கிடங்கு உப்பில் அவர் விரல்கள் வெடித்திருந்தன. கண்ணாடி போடாமல் தினசரி படித்துக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டு, வியாபாரம் எப்படி என்று கேட்டார். நன்றாகத்தான் நடக்கிறது என்றேன்.

“நல்லா இருங்க. அன்னைக்கு என் கவனக்குறைவால உங்களுக்குத்தான் கஷ்டம்” என்றார்.

இறங்கும் இடம் நெருங்கியது. எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கும் கேட்கவில்லையென்றால் இனி எப்போதும் கேட்க மாட்டேன் என்று தோன்றியது.

“அண்ணே, நீங்க எண்ணி வச்ச இருபதுல ஒண்ணைத் தட்டுலேர்ந்து எடுத்துக் கையில மறைச்சிக்கிட்டது நான்தான்னு அப்பவே உங்களுக்குத் தெரியும். ஏண்ணே என்னைக் காட்டிக் குடுக்கல?”