வேதக்காரன் அணைத்த சூடம்

"பொய்யக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியல ஒனக்கு" என்று பிலிப்பு சொன்னதும், மாடசாமி சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தான்.

முனியாண்டி கோயில் வாசலில் ஜனம் கூடிவிட்டது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக்கூட இத்தனை பேர் வருவதில்லை.

மாடசாமி லுணுகலைக் கடைக்காரர் ரிப்கானின் கார் டிரைவர். அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு, தேயிலை ஃபெக்டரிக்குக் கீழே ரோடு வளையும் முடக்கில் முதலாளியின் காரை ஓரத்துக் கானுக்குள் இறக்கிவிட்டான்.

பிலிப்பின் ஆட்டோ ஹோர்ன் அடிக்காமல் குறுக்கே வந்ததாம். அதற்கு ஒதுங்கப்போய்த்தான் கார் விழுந்ததாம்.

பார்த்தவர் யாருமில்லை. ஆனால் தோட்டத்து ஸ்டாண்டில் நிற்கும் நாலு ஆட்டோவில், அந்த நேரம் அங்கே இல்லாதது பிலிப்பின் ஆட்டோ ஒன்றுதான். ஜனத்துக்கு அது போதும்.

தப்புச் செய்தவனின் ஆட்டோ இனி இந்தத் தோட்டத்துக்குள் ஓடாது என்று தோட்டத் தலைவர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஓடாவிட்டால் பிலிப்பின் வீட்டில் அடுப்பு எரியாது.

அந்த நிலைமையில் இருப்பவன் கொஞ்சம் பணிந்து பேச வேண்டாமா? பிலிப்புக்கு அன்றைக்கு நாக்கில் சனி.

மாடசாமியின் வாயில் சாராய நாற்றம் அடிக்கிறது என்றான். போன வருஷத் திருவிழாவில் மேளக்காரனோடு அவன் கட்டிப்புரண்டதைக் கிளறினான். நியாயம் பேச வந்த தலைவரையும் விடவில்லை. தண்ணீர்க் குழாய் உடைந்து மூன்று மாதம் ஆகிறது, அதைக் கேட்க வாயில்லை, இதற்கு மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்றான்.

மத்தியானத்திலிருந்து சோறு தின்னவில்லை, வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று மாடசாமி இரண்டு தடவை கிளம்பினான். இரண்டு தடவையும், பயந்து ஓடுகிறான் பாருங்கள் என்று கத்தி பிலிப்பு அவனைத் திரும்ப இழுத்தான்.

ஐந்து மணிக்குத் தொடங்கிய சண்டை ஆறைத் தாண்டியது. பனி இறங்கிவிட்டது.

தலைவருக்குப் பொறுமை போனது. சூடம் கொளுத்தச் சொன்னார்.

சண்டை முற்றினால் இந்தத் தோட்டத்தில் அதுதான் வழி. முனியாண்டி முன்னால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்னால் அது சத்தியம். அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள்.

"வேதக்காரனுக்குச் சூடம் என்னாங்க செய்யும்? அவன் பைபிள்ல கைய வச்சுச் சொல்லட்டும்" என்றான் மாடசாமி. ஜனமும் அதுதான் சரி என்றது.

பிலிப்பின் மனைவி நேசராணி விடுவிடுவென்று வீட்டுக்குப் போய் பைபிளைக் கொண்டுவந்தாள். புருஷன் மேல் அவளுக்குத் துளி சந்தேகமில்லை. மாடசாமியை எரித்துவிடுவதுபோல் பார்த்துக்கொண்டே அதை நீட்டினாள்.

"ரெண்டு மணிக்கு எங்க இருந்த? அத மட்டும் சொல்லிரு, பிலிப்பு" என்றார் தலைவர்.

அவ்வளவு நேரம் வாய் ஓயாதவன் வாயை மூடிக்கொண்டான்.

அந்த பைபிளின் முதல் பக்கத்தில் அவனுடைய கல்யாணத் தேதியும் பிள்ளைகள் பிறந்த தேதிகளும் எழுதியிருந்தன. அதன் மேல் கையை வைத்துப் பொய் சொல்ல அவனால் ஆகாது. உண்மையைச் சொல்லவும் ஆகாது.

பைபிளைத் தாண்டிக் கையை நீட்டினான். தட்டில் எரிந்த சூடத்தை ஓங்கி அடித்தான்.

"நான்தான். ஹோர்ன் அடிக்காம முடக்குல வந்தது நான்தான்."

நேசராணியின் முகம் செத்துப்போயிற்று. இத்தனை பேருக்கு முன்னால் தன்னையும் சேர்த்துத் தலைகுனிய வைத்துவிட்டானே என்று அவளுக்கு ஆத்திரம். தள்ளிப்போய் நின்றுகொண்டாள்.

யாரோ காறித் துப்பினார்கள். நாளையிலிருந்து ஆட்டோவை ஸ்டாண்டில் பார்க்கக் கூடாது என்றார் தலைவர். பிலிப்புக்கு உள்ளங்கை காந்தியது. முனியாண்டியை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்து, மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

தான் சொன்ன பொய்யை எதிராளியே சத்தியம் செய்து உண்மையாக்கியதில் மாடசாமிக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு சிரித்தான். மீசையைத் தடவிக்கொண்டு, வரிசை வீடுகள் இருந்த லயத்துப் பக்கம் நடந்தான்.

தன் வீட்டு வாசலில் நின்று மனைவியை, தனலெட்சுமி என்று அவன் கூப்பிடுவது கோயில்வரை கேட்டது.

கதவு திறக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டான். அப்புறம் மகளைக் கூப்பிட்டான்.

பிலிப்பு மணி பார்த்தான். ஆறே முக்கால்.

இரண்டு மணிக்கு அவன் பதுளை பஸ் ஸ்டாண்டில் இருந்தான். கண் வீங்கி உதடு கிழிந்திருந்த தனலெட்சுமியையும் அவள் மகளையும், ஆறரை மணி வவுனியா பஸ்ஸுக்காக ஒரு மூலையில் உட்காரவைத்துக்கொண்டிருந்தான். வவுனியாவில் அவளுடைய அக்காள் இருக்கிறாள். பதுளை ஸ்டாண்டில் மாடசாமிக்குத் தெரியாத டிரைவர் கிடையாது, அவனுடைய ஒரு போன் போதும். பஸ் கிளம்பும்வரை யார் கேட்டாலும் சொல்லிவிடாதீர்கள் அண்ணே என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டிருந்தாள்.

லயத்தில் கதவை உதைக்கும் சத்தம் கேட்டது.

உதைக்கட்டும் என்று பிலிப்பு நேசராணியின் பக்கத்தில் போய் நின்றான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ரெண்டு மணிக்கு எங்க இருந்தேன்னு இப்பக் கேளு" என்றான்.