எருக்கம்புழுவின் புதுக் கோலம்

எருக்கஞ்செடியில் இரண்டு புழுக்கள் இருந்தன. எருக்கிலையைத் தின்று வளர்ந்த உடம்பு, அதனால் கடுங்கசப்பு. முதுகில் மஞ்சளும் கறுப்புமாக வரிகள். அந்த வரியைக் கண்டாலே மைனாக்கள் விலகிப் போய்விடும்.

மூத்ததுக்கு அது அலுத்துவிட்டது. "எல்லா எருக்கம்புழுவுக்கும் இதே வரிதான். என்னை ஒரு தடவை பார்த்தா ஆயுசுக்கும் மறக்கக் கூடாது" என்று செங்கல் தூளில் புரண்டது. வரியெல்லாம் மறைந்ததும், இலைச்சாறு தொட்டு உடம்பு முழுக்கப் பச்சைப் புள்ளி வைத்துக்கொண்டது.

"அழகாத்தான் இருக்குண்ணே. ஆனா மைனா நின்னு ரசிக்காது. பறக்குற வேகத்துல ஒரு பார்வைதான் பார்க்கும்" என்றது இளையது.

"அந்த ஒரு பார்வையிலயே அசந்துடும் பாரு."

மைனா வந்தது. இப்படியொரு புழுவை அது பார்த்ததே இல்லை. ஒரே கொத்தாகக் கொத்தியது. மறுநொடியே துப்பிவிட்டு அலகைக் கிளையில் தேய்த்தது.

"எருக்கம்புழுவா நீ? பார்த்ததும் தெரியற மாதிரி இருந்திருக்கக் கூடாதா?"

கீழே கிடந்த பாதி உடம்பை அது தலையைச் சாய்த்து உற்றுப் பார்த்தது.

"இந்தப் பச்சைப் புள்ளியை இனி ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்."

புழு ஆசைப்பட்ட அதே வார்த்தை. கேட்கத்தான் புழு இல்லை.